கண்டாம்: 1979 முதல் இன்றுவரை எதை, எந்த வரிசையில், ஏன் பார்ப்பது? முழு வழிகாட்டி

மனிதர் ஏறி ஓட்டும் பெரிய போர் இயந்திரங்களை வைத்து வந்த ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன், வரிசைதான் கண்டாம். அந்தப் பெயரில் 1979இலிருந்து வந்த டிவி தொடர்கள், திரையரங்குப் படங்கள், வீடியோவுக்கென்றே எடுத்த ஓவிஏக்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் பல நூறு மணி நேரம் ஓடும். புதிதாக வருபவர் அழகாக இருக்கிறதே என்று ஏதோ ஒன்றைத் தொடங்குவார். நான்காவது எபிசோடில் யார் யாருடன் ஏன் சண்டை போடுகிறார்கள் என்றே புரியாமல் விட்டுவிடுவார். தப்பு அவருடையது இல்லை. தொடரின் வரலாறே அப்படி வளைந்து வளைந்து வந்திருக்கிறது.

அந்த வளைவுகளுக்கெல்லாம் ஒரு காரணம் உண்டு. ஒரு பக்கம் பொம்மை விற்க வேண்டிய கம்பெனி, இன்னொரு பக்கம் போரைப் பற்றிக் கதை சொல்ல நினைத்த இயக்குநர். இந்த இழுபறியை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தத் தொடர் ஏன் அப்படி இருக்கிறது, எதைத் தாண்டலாம், எதைத் தாண்டவே கூடாது என்பது விளங்கிவிடும்.

தொடங்கும் முன்: காலண்டரும் மினோவ்ஸ்கி துகளும்

கண்டாம் ஒரே கதை இல்லை. மூலக்கதை நடக்கும் காலக்கணக்குக்கு யுனிவர்சல் செஞ்சுரி என்று பெயர், ரசிகர்கள் யு.சி. என்பார்கள். யு.சி. 0079, 0087, 0093 என்று ஆண்டு போட்டு வரும் படைப்புகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. விங், சீட், டபுள் ஓ, விட்ச் ஃப்ரம் மெர்குரி போன்றவை ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். அவற்றுக்குத் தனித்தனிக் காலக்கணக்கு. ஒன்றைப் பார்க்க மற்றொன்று தெரிந்திருக்கத் தேவையில்லை. பார்க்கப்போகும் தொடர் யு.சி.யா இல்லையா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது மினோவ்ஸ்கி துகள். விண்வெளியில் போர் என்றால் தொலைவிலிருந்து ஏவுகணை விட்டால் போதாதா, கையும் காலும் வைத்த 18 மீட்டர் இயந்திரம் எதற்கு என்று யாருக்கும் தோன்றும். தொடரை உருவாக்கியவர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். மினோவ்ஸ்கி துகளைத் தூவினால் ரேடார் குருடாகிவிடும், வழிகாட்டும் ஏவுகணை திசை தவறும். கண்ணால் பார்க்கும் தூரத்துக்கு வந்துதான் சண்டை போட வேண்டும். அந்தச் சண்டைக்காகச் செய்ததுதான் மொபைல் சூட். தொடர் முழுக்க அதை ‘ரோபோ’ என்று சொல்வதைவிட ராணுவத் தளவாடம் என்ற கணக்கில்தான் நடத்துகிறார்கள். அதற்கு மாடல் எண் உண்டு, எடை உண்டு, தயாரித்த தொழிற்சாலை உண்டு, உதிரிப்பாகத் தட்டுப்பாடும் உண்டு.

படி 1: முதல் தொடர், 1979

1979 ஏப்ரல் 7 அன்று நகோயா டிவியில் ‘மொபைல் சூட் கண்டாம்’ ஒளிபரப்பானது. சனிக்கிழமை மாலை 5:30 மணி, சிறுவர்களுக்கான நேரம். தயாரித்தது நிப்பான் சன்ரைஸ் ஸ்டூடியோ. இயக்கியவர் யோஷியூக்கி தோமினோ. பாத்திரங்களை வடிவமைத்தவர் யோஷிகாசு யாசுஹிகோ; இயந்திரங்களை வடிவமைத்தவர் குனியோ ஒகாவாரா. விளம்பரதாரர் க்ளோவர் என்ற பொம்மைக் கம்பெனி. தோமினோவின் முந்தைய தொடர்களான ஸாம்பாட் 3, டைடார்ன் 3 ஆகியவற்றுக்கும் பணம் போட்டது அவர்கள்தான்.

1972இல் வந்த மாஸிங்கர் இசட்டுக்குப் பிறகு ஜப்பானிய ரோபோ தொடர்களுக்கு ஒரு வாய்ப்பாடு அமைந்துவிட்டது. வாரம் ஒரு அரக்கன் வருவான், நாயகன் ஆயுதத்தின் பெயரை உரக்கக் கத்துவான், அரக்கன் வெடிப்பான், கடையில் அந்த ஆயுதம் விற்கும். தோமினோ குழு அந்தச் சட்டகத்துக்குள் இருந்துகொண்டே வேறு கதை சொல்லியது. பூமியைச் சுற்றியுள்ள விண்வெளிக் குடியிருப்புகளில் ஒன்றான சைடு 3 தன்னை ஜியோன் அரசு என்று அறிவித்துக்கொண்டு பூமிக் கூட்டமைப்போடு போர் தொடுக்கிறது. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் இரு தரப்பும் சேர்ந்து மனித குலத்தில் பாதியைக் கொன்றுவிட்டன. முதல் எபிசோடின் முன்னுரையே இதைச் சொல்லிவிடுகிறது.

அந்த எபிசோடை அவசரப்படாமல் பாருங்கள். ஜியோனின் ஸாக்கு இயந்திரங்கள் சைடு 7 குடியிருப்புக்குள் புகுந்து சுடத் தொடங்குகின்றன. அமுரோ ரே என்ற பையன் கீழே கிடந்த இயக்கக் குறிப்பேட்டை எடுத்து, ஓடிப்போய் கண்டாம் என்ற மொபைல் சூட்டில் ஏறி, அதைப் புரட்டிப் பார்த்தபடியே ஓட்டுகிறான். முதல் ஸாக்குவை பீம் சேபர் என்ற ஒளிவாளால் இரண்டாக வெட்டுகிறான். ஸாக்குவின் அணு உலை வெடிக்கிறது. குடியிருப்பின் சுவரில் ஓட்டை விழுந்து காற்று விண்வெளிக்குப் பீறிடுகிறது. அமுரோவின் தந்தையும் அதோடு இழுத்துச் செல்லப்படுகிறார். இரண்டாவது ஸாக்கு எதிரில் வரும்போது, இதையும் வெடிக்கவிட்டால் குடியிருப்பு என்னவாகும் என்று பையன் யோசிக்கிறான். இயந்திரத்தை விட்டுவிட்டு, ஓட்டுநர் உட்காரும் இடத்தை மட்டும் பார்த்துக் குத்துகிறான். எதிரி இயந்திரம் வெடிக்கவில்லை. உள்ளே ஒரு மனிதன் செத்துப்போனான் என்பது பார்ப்பவருக்கு உறைக்கிறது. கண்டாம் எந்த வகைக் கதை என்பதை இந்த இரண்டு வெட்டுகளிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஆனால் பொம்மை விற்கவில்லை. க்ளோவர் சின்னப் பிள்ளைகளுக்கான பொம்மைகளைச் செய்தது. தொடரைக் கவனித்துப் பார்த்தவர்களோ அதைவிட மூத்த பள்ளி, கல்லூரி மாணவர்கள். 52 எபிசோடுகளாகத் திட்டமிட்டது 43இல் முடிக்கப்பட்டது. கடைசி எபிசோடு 1980 ஜனவரி 26இல் வந்தது. நடுவில் ஜி-ஆர்மர் என்று கண்டாமோடு கோத்துப் பிரித்து விளையாடத் தக்க ஒரு வாகனம் திடீரென்று கதைக்குள் நுழையும். பொம்மை விற்பனையைத் தூக்கிவிடத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். பின்னால் படமாகத் தொகுத்தபோது தோமினோ அதை எடுத்துவிட்டு கோர் பூஸ்டர் என்ற போர் விமானத்தை வைத்தார். கண்டாமின் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள் நிறக் கலவைக்கும் இதே கதைதான். ராணுவ இயந்திரத்துக்குப் பொருந்தாத அந்த நிறங்கள் பொம்மைக் கடைக்காக வந்தவை.

டிவி வடிவமா, மூன்று படங்களா?

மறுஒளிபரப்பில்தான் தொடருக்குக் கூட்டம் சேர்ந்தது. அந்த வேகத்தில் 43 எபிசோடுகளையும் மூன்று படங்களாகத் தொகுத்தார்கள். முதல் படம் 1981 மார்ச் 14, இரண்டாவது அதே ஆண்டு ஜூலை 11, மூன்றாவது 1982 மார்ச் 13. முதல் படத்துக்கு முன்பு, 1981 பிப்ரவரி 22 அன்று டோக்கியோவின் ஷின்ஜுகு ஆல்டா கட்டடத்தின் முன் ரசிகர்களைத் திரட்டி ‘அனிமே புது நூற்றாண்டுப் பிரகடனம்’ வாசித்தார்கள். அனிமே குழந்தைகளுக்கானது மட்டும் இல்லை என்று பொது இடத்தில் கூடிச் சொன்ன நாள் அது.

முதல்முறை பார்ப்பவருக்கு நாங்கள் சொல்வது மூன்று படங்களைத்தான். மொத்தம் ஏறக்குறைய 7 மணி நேரம். டிவி வடிவம் சுமார் 17 மணி நேரம். டிவி தொடரின் பிற்பகுதியில் யாசுஹிகோ உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தார். கடைசி எபிசோடுகளில் முகங்கள் சப்பிப்போய், ஒரே உருவம் காட்சிக்குக் காட்சி மாறித் தெரிவது அதனால்தான். மூன்றாவது படத்துக்காக அவர் திரும்பிவந்து பெரும்பகுதியைப் புதிதாக வரைந்தார். அந்தப் படத்தைத்தான் முழுக் கண்டாம் என்று சொல்லத் தோன்றும்.

படங்கள் பிடித்துப்போனால் பிறகு டிவி வடிவத்துக்குப் போங்கள். படங்களில் இடம்பெறாத சின்னச் சின்ன எபிசோடுகள் அங்கே கிடைக்கும். 15ஆவது எபிசோடான ‘குக்குருஸ் டோவானின் தீவு’ சில வெளிநாட்டு வெளியீடுகளில் இருக்காது. அதன் ஓவியத் தரம் தோமினோவுக்கே பிடிக்காததால் அவர் கேட்டு நீக்கச் செய்தார். காணோமே என்று கோப்பைத் தேடி அலைய வேண்டாம். அதே கதையை யாசுஹிகோ 2022இல் முழு நீளப் படமாக எடுத்திருக்கிறார்.

இந்தக் கட்டத்தில் பலரும் விட்டுவிடக் காரணம் பழைய ஓவியமும் மெதுவான நடையும். ராம்பா ரல் என்ற நடுவயதுத் தளபதி அமுரோவை எதிர்கொள்ளும் இடம்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டாவது படத்தில் வருகிறது. எதிரியின் மீது மரியாதை வரும் முதல் இடம் அது. அதையும் தாண்டிப் பிடிக்கவில்லை என்றால் யு.சி. உங்களுக்கானது இல்லை. நேராகத் தனி உலகத் தொடர்களுக்குப் போய்விடுங்கள்.

படி 2: 300 யென் பெட்டி

தொடர் முடிந்தபின் பிளாஸ்டிக் மாடல் உரிமையை பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனி பெற்றது. 1980 ஜூலையில் 1/144 அளவில் ஆர்எக்ஸ்-78-2, அதாவது அமுரோ ஓட்டிய கண்டாம், நாமே பூட்டிச் செய்யும் கிட்டாக 300 யென்னுக்கு வந்தது. 18 மீட்டரை 144ஆல் வகுத்தால் 12.5 சென்டிமீட்டர், உள்ளங்கையில் நிற்கும் உயரம். பசை போட்டு ஒட்ட வேண்டும், நிறமும் நாமே அடிக்க வேண்டும். க்ளோவர் பொம்மை செய்யாததை இது செய்தது: இயந்திரம் டிவியில் தெரிந்த அதே விகிதத்தில், ஒரு ராணுவ மாடல்போல் இருந்தது. வாங்க வேண்டியவர்கள் யார் என்று பண்டாய்க்குத் தெரிந்திருந்தது. பெட்டிகள் கடையில் நிற்கவில்லை.

கிட்டுக்கான ஆசை தொடரையே முந்திக்கொண்டு ஓடியது. தொடரில் வந்த இயந்திரங்கள் தீர்ந்துபோனதும், திரையில் வராத வகைகளை ஒகாவாராவே வடிவமைத்து 1983இல் ‘மொபைல் சூட் வேரியேஷன்’ என்ற வரிசை கிளம்பியது. அனிமேவே இல்லாத கிட்! அவற்றுக்கென்று போர் வரலாறும் ஓட்டுநர் பெயர்களும் எழுதப்பட்டன. யு.சி.யின் விவரச் செறிவில் பெரும்பங்கு இங்கிருந்து வந்தது. அதே 1983இல் க்ளோவர் திவாலானது. பண்டாய்க்குப் புதுத் தொடர் வேண்டியிருந்தது.

படி 3: ஜீட்டா, டபுள் ஜீட்டா, ஷார்ஸ் கவுன்ட்டர்அட்டாக்

‘ஜீட்டா கண்டாம்’ 1985 மார்ச் முதல் 1986 பிப்ரவரி வரை, 50 எபிசோடுகள். கதைக்காலம் யு.சி. 0087. யு.சி.யின் உச்சம் இதுதான் என்பது எங்கள் கட்சி. புதியவரை அதிகம் தடுமாற வைப்பதும் இதுதான், ஏனென்றால் யார் எந்தப் பக்கம் என்று யாரும் விளக்கிச் சொல்ல மாட்டார்கள். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்: டைட்டன்ஸ் என்பது பூமிக் கூட்டமைப்புக்குள்ளேயே உருவான அடக்குமுறைப் படை. ஏயூஜி என்பது அதே கூட்டமைப்பிலிருந்து பிரிந்த எதிர்ப்பாளர்கள்; அனஹைம் எலக்ட்ரானிக்ஸ் என்ற ஆயுதக் கம்பெனி அவர்களுக்குப் பணம் தருகிறது. கராபா என்பது பூமியில் இருக்கும் அவர்களுடைய கூட்டாளிகள். ஆக்ஸிஸ் என்பது ஹமான் கார்ன் தலைமையில் திரும்பிவரும் பழைய ஜியோன். முந்தைய தொடரில் நல்லவர்களாக நின்ற கூட்டமைப்பு இங்கே கொடுங்கோலர்களை வளர்த்துவிட்டிருக்கிறது. இது பிடிபட்டதும் கதை சரசரவென்று ஓடும்.

இயந்திரங்கள் விமானமாக உருமாறுவதும் இந்தத் தொடரில்தான் தலையெடுத்தது. அந்தக் காலத்துப் பொம்மைச் சந்தையில் உருமாறாத ரோபோவுக்கு மதிப்பு குறைந்துகொண்டிருந்தது. தோமினோ அதையும் போர்த் தந்திரமாக்கிக் கதைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

மூலத் தொடரைப் படங்களில் பார்த்தது சரி. ஜீட்டாவை மட்டும் அப்படிப் பார்க்காதீர்கள். 2005, 2006இல் வந்த மூன்று ஜீட்டா படங்கள் 50 எபிசோடுகளை அநியாயமாக நெருக்குகின்றன. பழைய ஓவியமும் புது ஓவியமும் ஒரே காட்சியில் மாறி மாறி வரும். முடிவையும் மாற்றிவிட்டார்கள், ஆகவே அங்கிருந்து டபுள் ஜீட்டாவுக்குள் நுழைய முடியாது. இன்னொன்று, ஜீட்டாவின் தொடக்கப் பாடலுக்கு மெட்டு அமெரிக்கப் பாடகர் நீல் செடாகாவுடையது. உரிமைச் சிக்கலால் பல வெளிநாட்டு வெளியீடுகளில் பாட்டை எடுத்துவிட்டு வெறும் பின்னணி இசையைப் போட்டிருப்பார்கள். உங்கள் பிரதியில் பாட்டு இல்லையென்றால் கோப்பில் கோளாறு இல்லை.

‘டபுள் ஜீட்டா’ 1986 மார்ச் முதல் 1987 ஜனவரி வரை, 47 எபிசோடுகள். ஜீட்டாவின் இருட்டிலிருந்து நேராகக் கூத்துக்குள் தள்ளுகிறது. முதல் பாதி முழுக்கக் குறும்பும் துரத்தலும். இரண்டாம் பாதியில் மறுபடி கனம் ஏறும். முதல் தொடரில் ஜியோன் தரப்பில் நின்று அமுரோவுக்கு எதிரியான ஷார் தொடக்கப் பாடலில் தெரிவார், தொடரில் வர மாட்டார். அவரை வைத்துத் தனிப் படம் எடுக்க அனுமதி கிடைத்ததால் திட்டமிட்ட கதையிலிருந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். நேரம் குறைவாக இருந்தால் இதைத் தாண்டிவிடலாம், அடுத்த படம் புரியும். படி 4இல் வரும் ‘யுனிகார்ன்’ பார்க்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பிற்பாதியையாவது பாருங்கள்.

‘ஷார்ஸ் கவுன்ட்டர்அட்டாக்’ வெளியானது 1988 மார்ச் 12. யு.சி. 0093. அமுரோவுக்கும் ஷாருக்கும் இடையே இருந்த கணக்கு இரண்டு மணி நேரத்தில் முடிகிறது. மூலப்படங்களும் ஜீட்டாவும் பார்க்காமல் இதைத் தொடங்கினால் ஒருவர் மீது ஒருவருக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றே தெரியாது. பார்த்துவிட்டு வந்தவருக்கு விண்கல்லின் மீது நடக்கும் அந்தக் கடைசி வாக்குவாதம் போதும்.

படி 4: கிளைக்கதைகள்

இதில் முதலிடம் ‘0080: வார் இன் த பாக்கெட்’. 1989, 6 எபிசோடுகள், இரண்டரை மணி நேரம். தோமினோ இயக்காத முதல் கண்டாம். இயக்கியவர் ஃபுமிஹிகோ தகாயமா. நடுநிலைக் குடியிருப்பில் வாழும் ஒரு சிறுவனுக்கு மொபைல் சூட் என்றால் உயிர். போர் தன் ஊருக்கு வந்தால் எப்படி இருக்கும் என்று ஆசைப்படுகிறான், வருகிறது. கண்டாம் கிட் வாங்கி மகிழ்ந்த பிள்ளைகளைப் பார்த்தே எடுத்த தொடர் இது. மூலப்படங்கள் முடிந்ததும் உடனே பார்க்கலாம். யாருக்காவது கண்டாமில் ஒன்றே ஒன்று காட்ட வேண்டுமென்றால் நாங்கள் இதைத்தான் காட்டுவோம்.

‘08த் எம்எஸ் டீம்’ 1996இலிருந்து 1999 வரை இழுத்துக்கொண்டு வந்தது, 12 எபிசோடுகள். தென்கிழக்காசியக் காட்டில் சேற்றில் நடக்கும் இயந்திரங்களைப் பார்க்கலாம். இயக்குநர் தகேயுகி கண்டா பாதியில் காலமானார். உமனோசுகே ஈடா எடுத்து முடித்தார். ‘எஃப்91’ (1991) டிவி தொடராக நினைத்து ஒரு படத்துக்குள் அடைத்தது. அவசரமாக ஓடுவது அதனால்தான்.

‘யுனிகார்ன்’ 2010 முதல் 2014 வரை 7 பாகங்கள். ஹருதோஷி ஃபுகுயியின் நாவலை வைத்து எடுத்தது. ஓவியமும் இசையும் பிரமாதம். இதிலிருந்து தொடங்குபவர்கள்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள், ஏனென்றால் பாதிக் காட்சிகள் 0079இலிருந்து 0093வரை நடந்ததற்கான பதில்கள். 22 எபிசோடுகளாக வெட்டிய டிவி வடிவமும் உண்டு. 7 பாக வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் ‘ஹாத்தவே’ (2021). மூன்று பாகமாகத் திட்டமிட்டதன் முதல் பாகம் இது.

‘தி ஆரிஜின்’ (2015-2018) ஷாரின் இளமையைச் சொல்கிறது. கதையில் முன்னால் நடப்பது என்பதால் இதையே முதலில் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். ஷார் யார் என்பதை மூலக்கதை மெல்ல மெல்ல அவிழ்க்கிறது. இங்கே அது முதல் பத்து நிமிடத்தில் கையில் விழுந்துவிடும்.

படி 5: தனி உலகங்கள்

1993-94இல் வந்த ‘விக்டரி’க்குப் பிறகு, 1994இல் சன்ரைஸ் ஸ்டூடியோவே பண்டாயின் கைக்குப் போனது. அதே ஆண்டு யு.சி.யை முழுதாக விட்டுவிட்டு யாசுஹிரோ இமகாவா இயக்கத்தில் ‘ஜி கண்டாம்’ வந்தது. நாட்டுக்கு ஒரு கண்டாம் வைத்துத் தற்காப்புக்கலைப் போட்டி. நியோ இந்தியாவுக்குக் கோப்ரா கண்டாம் கொடுத்திருக்கிறார்கள். பழைய ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் கண்டாம் என்ற பெயர் எந்தக் கதையையும் தாங்கும் என்று இந்தத் தொடர்தான் காட்டியது. ‘விங்’ (1995-96) 2000இல் அமெரிக்காவின் டூனாமி நிகழ்ச்சியில் ஓடி மேற்கில் கண்டாமுக்குக் கதவைத் திறந்தது.

2002இல் வந்த ‘சீட்’ புதுத் தலைமுறையைக் கொண்டுவந்து சேர்த்தது. முதல் பகுதி மூலக்கதையை ஒட்டியே நடப்பதால் பழசைப் பார்த்தவருக்கு ஒரு சுவை, பார்க்காதவருக்கு வேறொரு சுவை. எச்டி ரீமாஸ்டர் கிடைத்தால் அதையே பாருங்கள். நடுவில் வரும் சுருக்க எபிசோடுகளை நீக்கி 50ஐ 48 ஆக்கியிருக்கிறார்கள். இதன் படம் ‘சீட் ஃப்ரீடம்’ 2024 ஜனவரியில் வந்து, ஜப்பானில் 500 கோடி யென்னைத் தாண்டி கண்டாம் படங்களிலேயே அதிக வசூல் செய்தது.

யு.சி. வேண்டாம், இன்றைய ஓவியம் வேண்டும் என்பவருக்கு மூன்று வாசல்கள். அரசியல் பிடித்தால் ‘டபுள் ஓ’ (2007-09, 50 எபிசோடுகள்). கி.பி. 2307இல் நடப்பதால் நமக்குத் தெரிந்த நாடுகளின் தொடர்ச்சியாகவே இருக்கும். கூலிப்படைச் சிறுவர்களின் கதை வேண்டுமென்றால் ‘அயர்ன்-பிளடட் ஆர்ஃபன்ஸ்’ (2015-17, 50 எபிசோடுகள்). இதில் பீம் துப்பாக்கிக்கு வேலையில்லை, இரும்புத் தண்டால் அடித்து நொறுக்குகிறார்கள். குறைந்த நேரத்தில் தொடங்க ‘தி விட்ச் ஃப்ரம் மெர்குரி’ (2022-23, 24 எபிசோடுகள்). டிவி கண்டாமில் பெண்ணொருத்தி நாயகியாக வந்தது இதில்தான் முதல்முறை. ‘புரோலாக்’ என்ற முன்கதை எபிசோடு தனியாக இருக்கும். அதை விட்டுவிட்டு முதல் எபிசோடுக்குப் போனால் இதைப் பள்ளிக்கூடக் கலாட்டா என்று தவறாக எடைபோட்டுவிடுவீர்கள்.

‘டர்ன் ஏ’ (1999-2000) தோமினோ திரும்பிவந்து எடுத்தது. மீசை வைத்த கண்டாமை வடிவமைத்தவர் அமெரிக்க வடிவமைப்பாளர் சிட் மீட். எல்லாக் கண்டாம் உலகங்களுக்கும் பிறகான காலத்தில் நடக்கிறது. நான்கைந்து தொடர்களாவது பார்த்தபின் வாருங்கள். 2025இல் வந்த ‘ஜீக்வாக்ஸ்’ தொடரும் அப்படித்தான். 1979 முதல் எபிசோடில் கண்டாமை ஷார் கைப்பற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதே அதன் அடித்தளம். 12 எபிசோடுதானே என்று இதிலிருந்து தொடங்காதீர்கள்.

படி 6: முதல் கிட்

தொடரை உயிரோடு வைத்தது கிட் என்பதால், ஒன்றையாவது கையால் செய்து பார்த்தால்தான் வரலாறு முழுமையாகும். கன்ப்ளா என்பது இதன் செல்லப்பெயர். அளவுகள் எளிது: எச்ஜி (ஹை கிரேடு) 1/144, 1990இல் தொடங்கியது; எம்ஜி (மாஸ்டர் கிரேடு) 1/100, 1995; ஆர்ஜி (ரியல் கிரேடு) மறுபடி 1/144தான், ஆனால் எம்ஜியின் நுணுக்கத்தோடு, 2010. முதல் கிட்டாக ஆர்ஜி வாங்காதீர்கள். பாகங்கள் பொடிப்பொடியாக இருக்கும், மூட்டுகள் கழன்றுகொண்டே இருக்கும். 2020இல் வந்த என்ட்ரி கிரேடு ஆர்எக்ஸ்-78-2 சரியான தொடக்கம். பாகங்களைக் கையாலேயே பிய்க்கலாம். பசை, ஸ்டிக்கர், கட்டர் எதுவும் வேண்டாம். அடுத்ததாக எந்த எச்ஜியும் செய்யலாம்.

போலிகள் நிறைய உண்டு. உண்மையான கிட்டில் பாகங்கள் ஒட்டிவரும் சட்டத்தில், அதாவது ரன்னரில், பண்டாய் பெயர் வார்ப்பிலேயே பதிந்திருக்கும். அது இல்லாததில் பாகங்கள் இறுகவும் செய்யாது, தளர்ந்தும் தொங்கும்.

எச்ஜிக்கு வேண்டியவை: பாகங்களை வெட்டும் மாடல் நிப்பர், கூரிய சிறுகத்தி, 400, 600, 1000 எண் உப்புத்தாள், சாமணம், கோடு போடும் கண்டாம் மார்க்கர். பாகத்தை ரன்னரிலிருந்து ஒரே வெட்டில் ஒட்ட வெட்டாதீர்கள். அப்படி வெட்டினால் பிளாஸ்டிக் இழுபட்டு அந்த இடம் வெளுத்துப்போகும், அடர்நிறத்தில் பளிச்சென்று தெரியும். முதல் வெட்டு பாகத்திலிருந்து 2-3 மில்லிமீட்டர் தள்ளி. இரண்டாவது வெட்டில் அரை மில்லிமீட்டர் மட்டும் விட்டு, மிச்சத்தைக் கத்தியால் மெல்லிய சீவல்களாக எடுத்து, உப்புத்தாளை எண் ஏறும் வரிசையில் தேயுங்கள். லேசாக வெளுத்துவிட்டால் நகத்தால் அழுத்தித் தேய்த்தால் ஓரளவு மறையும்.

ஒரு நேரத்தில் குறிப்பேட்டின் ஒரு படிக்கு வேண்டியதை மட்டும் வெட்டுங்கள். மொத்தமாக வெட்டிக் குவித்தால் இடது கால் எது, வலது கால் எது என்று தெரியாது; இரண்டும் ஏறக்குறைய ஒரே வடிவம். மூட்டுக்குள் வைக்கும் சாம்பல்நிற மென்பிளாஸ்டிக் வளையத்தை மறந்துவிட்டு மேல்மூடியை அழுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிசகு. அழுத்துமுன் குறிப்பேட்டை இன்னொரு முறை பாருங்கள். பிரிக்க வேண்டிவந்தால் பாகம் பிரிப்பான் கருவியை இடுக்கில் விட்டுத் திருப்புங்கள். கத்தியை நெம்புகோலாக்கினால் முனை ஒடிந்து கண்ணுக்குப் பாயும்.

நெற்றிக் கொம்பின் நுனியில் சின்னக் கொடிபோல ஒரு துண்டு ஒட்டியிருக்கும். பிள்ளைகளைக் குத்தாமலிருக்க பண்டாய் வைத்தது. அதை வெட்டி, நுனியை இரண்டு பக்கமும் மெல்லத் தேய்த்தால் முகத்தின் தோற்றமே மாறும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கோடு போட வெள்ளைப் பாகத்துக்குச் சாம்பல் மார்க்கர், சிவப்பு, மஞ்சளுக்குப் பழுப்பு, அடர்நிறத்துக்குக் கறுப்பு. பள்ளத்தில் கோடு போட்டு, வழிந்ததை பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். திரவ எனாமல் வகையைப் பூட்டிய மாடலில் ஓடவிடாதீர்கள். எனாமல் கரைப்பான் இறுகிய மூட்டுக்குள் புகுந்தால், அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் விரிசல் விட்டு உடையும். பாகங்களைக் கழற்றிவைத்துப் போட்டு, காய்ந்தபின் பூட்டலாம்.

கடைசியாக மேட் கிளியர் ஸ்ப்ரே. அடித்தால் பிளாஸ்டிக் பளபளப்பு போய் இயந்திரத்துக்குக் கனம் வந்துவிடும். 20-30 சென்டிமீட்டர் தள்ளி நின்று, ஒரு இடத்தில் நிற்காமல் குறுக்காக இழுத்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. கண்ணுக்கான பளபள ஸ்டிக்கரையும் ஒளி ஊடுருவும் பாகங்களையும் அதற்குப் பின்னால் மாட்டுங்கள், இல்லையென்றால் மங்கிவிடும். மழைநாளிலோ புழுக்கமான மாலையிலோ அடித்தால் காற்றிலுள்ள ஈரம் பூச்சில் சிக்கி மாடல் முழுக்கப் பனி படர்ந்ததுபோல வெளுக்கும். வெயிலடிக்கும் உலர்ந்த முற்பகல், காற்றோட்டமான இடம், முகமூடி, இவ்வளவும் அமைந்த நாளுக்குக் காத்திருங்கள்.